“மாற்றத்தை ஏற்கும் திறன் குறைவு” என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ராஜினாமா செய்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். எம்.சி.ஏ. முடித்து 2006இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். மகள் பிறந்ததால் இரண்டு வருடம் வீட்டிலிருந்தேன். 2010இல் இப்போதுள்ள ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தேன். அன்று முதல் இன்சூரன்ஸ் கிளெய்ம் சாஃப்ட்வேர்களை டெஸ்டிங் செய்வதுதான் வேலை. 2019இல் வரவேண்டிய புரமோஷன் வரவில்லை. இரண்டு மாதமாக ஆட்குறைப்புப் பேச்சு ஓடுகிறது. போன மாதம் எல்லோரையும் ஆன்லைனில் ஒரு டெஸ்ட் எழுதச் சொன்னார்கள். வேலையில் மாற்றமும் நிச்சயமில்லாத நிலையும் வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பது பற்றி. எனக்கு “குறைவு” என்று சிவப்புக் கட்டம் போட்டு வந்தது. டீமில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் பச்சை. என் கணவரிடம் காட்டினேன். “நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளிதானே” என்றார். 2010இலும் கொரோனாவிலும் எப்படியோ ஓட்டிவிட்டேன், அப்போதும் ராத்திரியெல்லாம் பயந்துகொண்டுதான் இருந்தேன். இப்போது நாலு ஆன்லைன் கோர்ஸ் வாங்கிவைத்து ஒன்றையும் முடிக்கவில்லை. வேறு வேலைக்கு விண்ணப்பம் பாதி நிரப்பி அப்படியே கிடக்கிறது. வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. மாமனாருக்குச் சர்க்கரை, கம்பெனி இன்சூரன்ஸில்தான் அவர் இருக்கிறார். மகள் பிளஸ் டூ. என் குணமே இப்படித்தானா? அவர்களாகப் போகச் சொல்லும் முன்னால் நானே ராஜினாமா செய்துவிடலாமா? மகளிடம் இதைச் சொல்லலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ராஜினாமா செய்யாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பதிலைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோனாலும் இது ஒன்று உங்கள் மனதில் இருக்கட்டும்.

முதலில் அந்த ரிப்போர்ட். உங்கள் கம்பெனி எந்த டெஸ்டை வைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வகையில் நன்கு அறியப்பட்ட ஒன்றின் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதும் அதைப் போன்றதாக இருக்கலாம். தொழில் உளவியலில் பெரிய பெயரான டொனால்ட் சூப்பர், ஒரு பள்ளி மாணவன் வேலையைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் பக்குவப்பட்டிருக்கிறானா என்றுதான் வெகுகாலம் ஆராய்ந்தார். பெரியவர்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தவில்லை. அவர்கள் பக்குவப்பட்டவர்கள்தான், அவர்கள் காலுக்குக் கீழே இருக்கும் வேலைதான் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் 1981இல் அவரும் நேசல் என்ற ஆய்வாளரும் “தகவமைத்துக்கொள்ளும் திறன்” என்று பேசத் தொடங்கினார்கள். அதைக் கேள்வித்தாளாக்கியவர்களில் முக்கியமானவர்கள் மார்க் சவிக்காஸும் எரிக் போர்ஃபெலியும். 13 நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மொத்தம் 24 கூற்றுகள். எதிர்காலத்தைப் பற்றிய அக்கறை, அது நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு, புதியதைத் தேடிப் பார்க்கும் ஆர்வம், செய்ய முடியும் என்ற நம்பிக்கை என்று நான்கு பகுதி, பகுதிக்கு ஆறு. ஒவ்வொன்றிலும் நாம் எவ்வளவு வலுவாக இருக்கிறோம் என்று நாமே ஒன்று முதல் ஐந்து வரை போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நீங்கள் வேலை செய்வதை யாரும் பார்த்து மதிப்பெண் போடவில்லை. உங்களைப் பற்றி உங்களுக்கே என்ன தோன்றியது என்பதைத்தான் அந்தத் தாள் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அதுவும் ஆட்குறைப்புப் பேச்சு நடுவே, பாதித் தூக்கத்தில், “இதை யார் படிப்பார்களோ” என்ற நினைப்போடு உட்கார்ந்து நிரப்பியது. சித்திரை மாதத்தில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு இதில் ஊற்றே கிடையாது என்று சொல்ல முடியுமா? தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பது மட்டும்தான் அப்போது தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 24இல், முடிவுகளைத் தானே எடுப்பதைப் பற்றி ஒரு கூற்று வருகிறது. தன்னையே நம்பியிருப்பதைப் பற்றி இன்னொன்று. உங்கள் டீமில் ஓ.எம்.ஆர். பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் 24 வயதுப் பையன் யோசிக்காமல் ஐந்து போடுவான். மாமனார், கணவர், மகள், வங்கிக் கடன் எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டு முடிவெடுக்கிற நீங்கள், நேர்மையாக இருந்தால், இரண்டுதான் போடுவீர்கள். நாலு பேரைக் கலந்து எடுத்த முடிவு பல நேரம் உறுதியாக நிற்கும். அதைக் கேட்க அந்தத் தாளில் இடமில்லை.

இப்படிப்பட்ட கேள்வித்தாளை நானும் ஆலோசனைக்கு வருபவர்களிடம் கொடுப்பதுண்டு. மொத்த மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எந்தக் கூற்றில் பேனா நின்றது, எதை அடித்துத் திருத்தினார்கள் என்று பார்த்து, அங்கிருந்து பேச்சைத் தொடங்குவேன். இது பேச்சைத் தொடங்குவதற்கான கருவி. வேலை போகுமோ என்ற நேரத்தில் இதையே எல்லோரிடமும் நீட்டினால், விவரமானவர்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், உள்ளதைச் சொன்னவர் சிவப்புக் கட்டத்தில் மாட்டிக்கொள்வார். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க இதைப் பயன்படுத்துவது தவறு என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கம்பெனி அப்படித்தான் பயன்படுத்துகிறது என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிக் கேட்பது என்று கீழே எழுதுகிறேன்.

“என் குணமே இப்படித்தானா” என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மாரியந்தால் நினைவுக்கு வரும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே இருந்த சின்ன ஊர். ஊருக்கே சோறு போட்ட ஜவுளி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே போனார்கள். கேள்வித்தாளை மட்டும் நம்பாமல் ஊரையே கவனித்தார்கள். தெருவில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை தடவை நடுவில் நின்றுவிடுகிறார்கள் என்று குறித்துவைத்தார்கள். வேலை இருந்த நாட்களில் ஒழுங்காக நூலகத்துக்குப் போனவர்கள், நேரமெல்லாம் சும்மா இருந்தபோது புத்தகம் எடுப்பதைக் குறைத்துவிட்டார்கள். அன்றைய பொழுது எப்படிப் போனது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது பல ஆண்களுக்கு எழுத ஒன்றும் வரவில்லை. காலையில் எழுந்தது தெரியும், மதியம் சாப்பிட்டது தெரியும், நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. பெண்களுக்கு வீட்டுவேலை இருந்ததால் அவர்கள் நாள் அப்படிக் கரையவில்லை.

அந்த ஊர்க் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். தளராதவர்கள், இருப்பதோடு அடங்கிப்போனவர்கள், மனம் உடைந்தவர்கள், எதிலும் பிடிப்பற்றுப் போனவர்கள். இதைப் பார்த்தால் நாலு விதமான குணம் என்றுதான் தோன்றும். ஆனால் அதே குடும்பங்களின் மாத வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டபோது, தளராதவர்களுக்கு 34 ஷில்லிங் வந்தது, பிடிப்பற்றுப் போனவர்களுக்கு 19. மற்ற இரண்டு வகையும் நடுவில், அதே வரிசையில். கையில் இருந்த காசு குறையக் குறைய மனநிலையும் கீழே இறங்கியது. 1933இல் வந்த ஆய்வு. இன்றைக்கும் இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைச் சொன்ன ஆராய்ச்சியை நான் படித்ததில்லை.

இதனால்தான் வேலை பற்றிய பயத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் மனதைப் பற்றிக் கேட்பதில்லை. சம்பளம் நின்றால் வீடு எத்தனை மாதம் ஓடும் என்று கேட்பேன். நீங்களும் இந்தச் சனிக்கிழமை கணவரோடு உட்கார்ந்து இதைக் கணக்குப் போடுங்கள். பி.எஃப்.பைத் தொடாமல், நகையைக் கணக்கில் சேர்க்காமல், வங்கியில் இருப்பதை மட்டும் எடுங்கள். அதை வீட்டுக் கடன் தவணை, மளிகை, ஸ்கூல் ஃபீஸ், மருந்து ஆகியவற்றின் மாதத் தொகையால் வகுங்கள். அதோடு கிராஜுவிட்டியைத் தனியாக எழுதுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தவருக்குச் சட்டப்படி அது உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய், சர்வீஸ் 15 வருடம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 5 லட்சத்து 19 ஆயிரம் வரும். இந்த எண்கள் ஒரு தாளில் கண்முன்னால் இருக்கும்போது “பயந்தாங்கொள்ளி” என்ற பேச்சு வீட்டில் எழாது. உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் உள்ளே பயம் இருக்கலாம். கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து போட்டால் அது வெளியே வரும்.

ராஜினாமா வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமும் இதே தாளில்தான் இருக்கிறது. கம்பெனி உங்களை அனுப்பினால் நோட்டீஸ் காலச் சம்பளமும், பல இடங்களில் அதற்கு மேல் சில மாதச் சம்பளமும் கொடுப்பார்கள். நீங்களாகப் போனால் அந்தக் கூடுதல் தொகை கிடைக்காது. கிராஜுவிட்டி மட்டும் எப்படியும் உங்களுடையது. எச்.ஆரில் கூப்பிட்டு “இன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்” என்றால் அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அவகாசம் கேளுங்கள். தொழிலாளர் சட்டம் பார்க்கும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததே, ஏறக்குறைய 12,000 பேர். அதில் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள்தான் அதிகம் என்றும் சொல்லப்பட்டது. இந்தத் துறையில் உங்கள் வயதுக்காரர்கள் பயப்படுவதற்குக் காரணம் வெளியிலேயே இருக்கிறது. உங்கள் மனதுக்குள் கோளாறு தேட வேண்டியதில்லை.

மாமனாரின் இன்சூரன்ஸை இப்போதே பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். வேலை இருக்கும்போதே அவருக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்தால், சர்க்கரை போன்ற முன்பே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். 2024இல் வந்த விதிப்படி அது 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. கம்பெனி பாலிசியை அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்றும் கேட்டுவையுங்கள். வேலையை விட்ட பிறகு கேட்டால் வழி குறுகிவிடும்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். நிச்சயமில்லாத நிலையைத் தாங்க முடியாமை என்பதை அளக்கத் தனிக் கேள்வித்தாள் இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் 1994இல் 27 கூற்றுகளோடு உருவானது, 2007இல் 12 கூற்றுகளாகச் சுருக்கினார்கள். அந்தச் சுருக்கத்தில் இரண்டு பகுதி தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்ற தவிப்பு. மற்றொன்று, தெரியாதவரை கை கால் ஓடாமல் உறைந்துபோவது. உங்கள் கடிதத்தில் இரண்டுமே இருக்கின்றன. எது வேலையைக் காப்பாற்றும் என்று உறுதியாகத் தெரியாததால் நாலு கோர்ஸ் வாங்கினீர்கள். அது தவிப்பு. விண்ணப்பம் பாதியில் கிடப்பது உறைந்துபோவது. நாலு கோர்ஸில் ஒன்றும் முடியவில்லை என்பதை வைத்து நீங்கள் சோம்பேறி என்றோ, புதியதைக் கற்கத் தெரியாதவர் என்றோ முடிவுகட்டாதீர்கள். இதற்கு உளவியலில் செய்யும் சிகிச்சையின் சாரம் எளிமையானது. விளைவு தெரியாத ஒரு சின்னக் காரியத்தை, தெரியாமலேயே செய்து பார்ப்பது. அந்தப் பாதி விண்ணப்பத்தை இன்று இரவு அனுப்பிவிடுங்கள். வேலை கிடைப்பதற்காக இல்லை. பதில் வராமல் சில நாள் இருந்தால் நமக்கு என்ன ஆகிறது என்று நாமே பார்ப்பதற்காக.

அப்புறம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. 2010இலும் கொரோனாவிலும் “எப்படியோ ஓட்டிவிட்டேன்.” எப்படி என்றுதான் நான் கேட்கிறேன். ஒரு நோட்டில் இடது பக்கம் 2006, 2010, 2019, 2020 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே முதல் வாரம் என்ன செய்தீர்கள், யாரிடம் போய்க் கேட்டீர்கள், எதைப் புதிதாகக் கற்றீர்கள், எந்த உதவி கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். கைக்குழந்தையோடு, இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு, புதுக் கம்பெனியில் புதுத் துறையில் உட்கார்ந்தவர் நீங்கள். 2020 மார்ச்சில் ஒரே வாரத்தில் ஆபீஸை வீட்டுக்குக் கொண்டுவந்தவர். பயந்துகொண்டே செய்தீர்கள் என்கிறீர்கள். செய்தீர்கள் அல்லவா? அந்த ஆன்லைன் டெஸ்டை விட இந்த நோட்டுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். நாளை ஒரு மாற்றம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை ஓரளவாவது இதுதான் காட்டும்.

அந்த வரிசையில் 2019ஐயும் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். நான்சி ஸ்லாஸ்பெர்க் என்ற ஆலோசனை உளவியலாளர் வாழ்க்கை மாற்றங்களைப் பற்றி 1981இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். எதிர்பார்த்து நடக்காமல் போனதையும் அவர் ஒரு மாற்றமாகவே கணக்கில் எடுக்கிறார். வராத புரமோஷனுக்கு யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை. நமக்கே அது ஒரு நிகழ்ச்சியாகத் தெரிவதில்லை. ஆனால் “செய்ய முடியும்” என்ற பகுதியில் மதிப்பெண்ணைக் குறைத்தது இதுவாகவும் இருக்கலாம். அந்த வருடத்துக்கு எதிரே கொஞ்சம் அதிகமாகவே எழுதுங்கள்.

வேலைப் பக்கம் என்ன செய்யலாம்? நாலு கோர்ஸில் எதை இப்போதுள்ள புராஜெக்டிலேயே இந்த மாதம் பயன்படுத்திப் பார்க்க முடியுமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேஷன் கோர்ஸாக இருந்தால் நல்லது. மற்ற மூன்றையும் மூடுங்கள். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து டெஸ்டிங் கூட இல்லை, இன்சூரன்ஸ் கிளெய்ம். ஒரு கிளெய்ம் எந்த இடத்தில் தப்பாகக் கணக்காகும், எந்த விதிவிலக்கை டெவலப்பர் மறந்திருப்பார் என்று 15 வருடமாகப் பார்த்துப் பழகியவர். ஏ.ஐ. கருவி ஆயிரம் டெஸ்ட் கேஸ் எழுதித் தரலாம். எந்த ஒன்று அதில் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல உங்களைப் போன்ற ஆள் வேண்டும். பிசினஸ் அனலிஸ்ட் பக்கம் உள்ளுக்குள்ளேயே மாற வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் கம்பெனியிலிருந்து வேறு இடம் போன பழைய சகாக்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வேலை பற்றிய தகவல் நெருங்கிய சொந்தங்களைவிட எப்போதாவது பேசும் அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லேயே எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

மேனேஜரிடம் கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள், பணிவாக, சுருக்கமாக: இந்த டெஸ்டின் பெயர் என்ன, ரிப்போர்ட்டை யார் யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள், எனக்கு எந்தப் பயிற்சி தருவீர்கள். கேட்டால் குறித்துவைத்துக்கொள்வார்களோ என்று பயம் வரும். கடைசிக் கேள்வி பயிற்சி பற்றியதாக இருப்பதால், மாறத் தயாராக இருப்பவர் என்ற எண்ணம்தான் படிப்பவருக்கு வரும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, நெஞ்சு படபடப்பு, சாப்பிட முடியாமை, எதற்கும் பிரயோசனமில்லை என்ற எண்ணம் வந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கடைசியாக, மகள். சொல்லுங்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும், என்ன என்பதுதான் தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவு வாட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை கணக்கு முடிந்த பிறகு சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். அம்மாவின் ஆபீஸில் ஆட்களைக் குறைக்கிறார்கள், என் பெயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், சம்பளம் நின்றாலும் இத்தனை மாதம் வீடு ஓடும். இவ்வளவு போதும். அவளுடைய கல்லூரிக்கென்று எடுத்துவைத்த பணம் எவ்வளவு, அதைத் தொட மாட்டோம் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள். அவள் கேட்கத் தயங்கும் கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.